பழைய ஈசிஎம் மாட்டியும் வண்டி சரியாகவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைத் தேடும் முறை

ஆல்டர்னேட்டரோ செல்ஃப் மோட்டாரோ பழையதாக வாங்கினால் போல்ட் துளையும் வயர் இணைக்கும் கப்ளரும் பொருந்தினால் போதும், வேலை முடிந்துவிடும். இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டியான ஈசிஎம் விஷயம் வேறு. உடைப்பு வண்டியிலிருந்து கழற்றிய அந்த அலுமினியப் பெட்டிக்குள் அந்த வண்டியின் சேஸிஸ் எண், அதன் சாவிக்குரிய ரகசிய எண், இன்ஜெக்டர் கோடு, கியர்பாக்ஸ் வகை எல்லாம் எழுதியிருக்கும். பழைய வண்டி பாகம் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் பெட்டிக்குக் காசு கொடுக்கும்போது இன்னொரு வண்டியின் நினைவையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருகிறோம். இருபது வருடமாக ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். “பழைய ஈசிஎம் போட்டும் வண்டி ரெடியாகலண்ணே” என்று என்னிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலும் பெட்டி உயிரோடுதான் இருந்தது. தான் வேறு வண்டியில் உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரிந்துபோனதுதான் பிரச்சினை.

அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டியில் இருந்த கெட்டுப்போன ஈசிஎம்மை யாரிடமும் கொடுக்காதீர்கள். “பழசக் குடுங்க, ஐநூறு கொறச்சுக்கறேன்” என்று கடையில் கேட்பார்கள். கொடுத்துவிட்டால் உங்கள் வண்டியின் அடையாளமே கைவிட்டுப் போய்விடும். அது ஏன் என்பது சாவி விளக்குப் பகுதியில் வருகிறது.

மாட்டும் முன்: பழையது எதனால் செத்தது?

இதைக் கேட்காமல் மாட்டுகிறவர்கள்தான் இரண்டாவது பெட்டியையும் எரிக்கிறார்கள். ஈசிஎம் தானாகச் சாவது குறைவு. இக்னிஷன் காயில் உள்ளே ஷார்ட் ஆகி, பெட்டிக்குள் அதை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரைச் சுட்டிருக்கும். அந்தக் காயில் அப்படியே இருந்தால் நீங்கள் மாட்டும் பெட்டியும் முதல் ஸ்டார்ட்டிலேயே அதே இடத்தில் எரியும்.

பெட்ரோல் வண்டியில் இன்ஜெக்டர்களின் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓம் பாருங்கள். இப்போதைய வண்டிகளில் 11 முதல் 16 ஓமுக்குள் இருக்கும். நான்கும் ஒன்றுபோல வர வேண்டும். ஒன்று மட்டும் 3, 4 என்று காட்டினால் குற்றவாளி அதுதான். ஆல்டர்னேட்டர் 15 வோல்ட்டைத் தாண்டிச் சார்ஜ் செய்கிறதா என்று பாருங்கள். கடைசியாகக் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் மூடியைத் தூக்கி, மழைத்தண்ணீர் ஹார்னஸ் எனும் வயர் கட்டு வழியாக இறங்கிய தடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். மாருதியில் ஈசிஎம் எண் 33920 என்று தொடங்கும், ஹூண்டாயில் பெரும்பாலும் 39110 என்று. முதல் ஐந்து இலக்கம் ஒத்துப்போனதும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடக் கூடாது. அது “இது ஈசிஎம்” என்பதை மட்டும்தான் சொல்லும். எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ், எந்தப் புகை விதிக்கானது என்பதெல்லாம் பின்னால் வரும் இலக்கங்களில் இருக்கிறது.

கழற்றும்போதும் மாட்டும்போதும் பேட்டரி நெகட்டிவ் கழன்றிருக்க வேண்டும். சாவியை ஆஃப் செய்த உடனே கழற்றாமல் ஒரு நிமிடம் விடுங்கள். ஆஃப் செய்த பிறகும் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலே சில நொடிகள் பிடித்திருக்கும், தான் கற்றதை ஈசிஎம் மெமரியில் எழுதுவது அப்போதுதான்.

ஸ்கேனர் பேசவில்லை, சாவி போட்டால் செக் லைட்டும் எரியவில்லை

கோளாறு கோடுகளைப் படிக்கும் ஸ்கேனர் கருவி ஈசிஎம்மோடு பேசாவிட்டாலும், பெட்டியைச் சந்தேகப்படுவது கடைசி வேலை. முதலில் அதற்குக் கரண்ட் போகிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டியிருக்கும் வயரிலும் மீட்டர் அழகாக 12.4 காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்ட்டே இழுப்பதில்லை. ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை எடுத்து இரண்டு வயர் பற்றவைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயரை எர்த்தில் வைத்து, மறு வயரைக் கழற்றிய ஈசிஎம் கப்ளரில் நேரடி பேட்டரி பின்னிலும் இக்னிஷன் பின்னிலும் வைத்தால் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் அந்த லைனில் கோளாறு.

மெயின் ரிலே “டக்” என்று இழுக்கவில்லை என்றால் உடனே ரிலேயை மாற்றாதீர்கள். பல வண்டிகளில் அந்த ரிலேவுக்கு எர்த் கொடுப்பதே ஈசிஎம்தான். நேரடி பேட்டரி ஃபியூஸ் போயிருந்தால் ஈசிஎம் விழிக்காது, அது விழிக்காவிட்டால் ரிலேயும் இழுக்காது.

எர்த்தை செல்ஃப் அடித்துக்கொண்டே பார்க்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை ஈசிஎம்மின் எர்த் பின்னில். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் இன்ஜினில் எர்த் போல்ட் இருக்கும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். இதனாலேயே நல்ல ஈசிஎம்மைக் கெட்டது என்று தூக்கிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கரண்ட், எர்த் இரண்டும் சரி என்றால் அடுத்து ஈசிஎம் சென்ஸார்களுக்குக் கொடுக்கும் 5 வோல்ட்டைப் பாருங்கள். இன்ஜினுக்குப் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்ஸார் அல்லது அந்தக் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டிலின் கப்ளரைக் கழற்றி, சாவி போட்டு அளந்து பாருங்கள். 5 வோல்ட் வந்தால் பெட்டி விழித்திருக்கிறது. வராவிட்டால் சென்ஸார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஏதோ ஒன்றைக் கழற்றும்போது 5 திரும்பி வந்தால் அந்த சென்ஸாரோ அதற்குப் போகும் வயரோதான் லைனைக் கீழே இழுத்திருக்கிறது. எல்லாம் கழற்றியும் வரவில்லை என்றால்தான் கடைக்காரரிடம் திரும்பிப் போகலாம்.

5 வோல்ட் இருந்தும் ஸ்கேனர் பேசவில்லையா? ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டுக்கு வாருங்கள். 16வது பின்னில் பேட்டரி, 4லும் 5லும் எர்த். பேட்டரியைக் கழற்றிவிட்டு 6க்கும் 14க்கும் இடையே ஓம் அளக்க வேண்டும், இதுதான் கேன் லைன், வண்டியின் பெட்டிகள் தங்களுக்குள் பேசும் இரட்டை வயர். 60 ஓம் வந்தால் சரி. லைனின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் அந்தக் கணக்கு. 120 காட்டினால் ஒரு முனையின் ரெசிஸ்டர் காணவில்லை. பல வண்டிகளில் அந்த ஒரு ரெசிஸ்டர் ஈசிஎம்முக்குள்ளேயே இருக்கும், நீங்கள் வாங்கிய வகையில் அது இல்லாமல் இருக்கலாம். 40 காட்டினால் ஒன்று கூடுதலாக வந்து உட்கார்ந்திருக்கிறது. சைபருக்குப் பக்கத்தில் என்றால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, வண்டி எடுக்கவில்லை, சாவி விளக்கு மின்னுகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சில வண்டிகள் எடுத்து ஒன்றிரண்டு நொடியில் அணையும், சிலவற்றில் இன்ஜெக்டருக்குப் பல்ஸே வராது. ஸ்கேனரில் பி0513 அல்லது பி0633 என்ற கோளாறு கோடு இருந்தால் சந்தேகமே இல்லை, இம்மொபிலைசர்தான், அதாவது சரியான சாவி இல்லாமல் இன்ஜின் ஓடாதபடி தடுக்கும் திருட்டுத் தடுப்பு. ஹூண்டாயில் பி1690, பி1693 போன்றவை வரும்.

ஒரு நாள் சாயங்காலம் டாக்ஸி ஓட்டும் தம்பி ஒருவர் ஹூண்டாய் ஐ10ஐக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். “நம்பர் அச்சு அசலா ஒண்ணுதாண்ணே, நானே ரெண்டு தடவ பார்த்துதான் வாங்குனேன்” என்றார். உண்மைதான், ஸ்டிக்கரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஸ்கேனரில் இம்மொபிலைசர் பக்கத்தைத் திறந்தால் ஈசிஎம் நிலை “லேர்ண்ட்” என்று இருந்தது. ஏற்கெனவே ஒரு வண்டியோடு ஒட்டிய பெட்டி. அவர் வண்டியின் ஆறு இலக்கப் பின் நம்பரைப் போட்டேன், தவறு என்றது. ஒருவேளை நான் தப்பாக அடித்திருப்பேனோ என்று இன்னொரு முறை. மறுபடியும் தவறு. மூன்றாவது முறைக்குக் கை போகும்போது நிறுத்திக்கொண்டேன். மூன்று தடவை தவறினால் அது ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும்.

அந்தப் பெட்டி கேட்டது அதைக் கழற்றிய வண்டியின் பின் நம்பரை. அதைக் கொடுத்து “நியூட்ரல்” ஆக்கினால்தான் நம் வண்டியின் நம்பரையும் சாவியையும் கற்றுக்கொடுக்க முடியும். உடைந்த வண்டியின் பின் நம்பரைத் தேடி எங்கே போவது? அவர் மறுநாள் கடைக்குப் போய்ப் பெட்டியை மாற்றி, ஒரே வண்டியிலிருந்து கழற்றிய ஈசிஎம், இம்மொபிலைசர் பெட்டி, சாவி மூன்றையும் செட்டாக வாங்கிவந்தார். அந்தச் சாவியின் தலையைப் பிளேடால் பிளந்து, உள்ளே நகத்தில் பாதிகூட இல்லாத கறுப்புச் சிப்பை இடுக்கியால் எடுத்து அவருடைய சாவிக்குள் வைத்தேன். பூட்டு அவருடையது, சிப் மட்டும் செட்டோடு வந்தது. அரை மணியில் வண்டி எடுத்தது. பழைய சிப்பை மட்டும் வெளியே எடுத்துவிட வேண்டும். இரண்டும் ஒரே சாவிக்குள் இருந்தால் ஆன்டெனா காயில் குழம்பிப்போகும்.

ஆகவே ஹூண்டாய்க்குப் பழைய ஈசிஎம் வாங்குகிறவர்கள் செட்டாக வாங்குங்கள், இல்லாவிட்டால் நியூட்ரல் செய்து தருகிறவரிடம் வாங்குங்கள். வெறும் பெட்டி விலை குறைவு என்று வாங்கினால் அலைச்சல்தான் மிஞ்சும்.

ஃபோர்டில் சாவிகளை அழித்து மறுபடி கற்றுக்கொடுக்கும்போது பல மாடல்களில் இரண்டு சாவி இருந்தால்தான் வண்டி எடுக்கும், பாதுகாப்புக் காத்திருப்பு பத்து நிமிடம். ஒரே சாவியோடு வருகிறவர்கள் இன்னொன்று வாங்கிக்கொண்டே வாருங்கள். ரெனோ டஸ்டரில் ஒரு தடவை ஒட்டிய ஈசிஎம்மை ஸ்கேனர் போட்டுப் பிரிப்பது நடக்காத காரியம், மேசையில் வைத்து மெமரியைத் திருத்த வேண்டும்.

மாருதி உட்பட எல்லாவற்றுக்கும் சுத்தமான வழி குளோனிங். உங்கள் செத்த ஈசிஎம்மின் மெமரியை அப்படியே படித்து, வாங்கிவந்த பெட்டியில் எழுதுவது. சற்றுப் பழைய வண்டிகளில் எட்டுக்கால் மெமரி சிப் ஒன்று போர்டில் தனியாக இருக்கும், புதியவற்றில் பிராசஸருக்குள்ளேயே. டிரைவர் எரிந்து போர்டே கறுத்திருந்தாலும் அந்த மெமரி பெரும்பாலும் உயிரோடு இருக்கும். எழுதி முடித்து மாட்டினால் சாவியும் மீட்டரும் சேஸிஸ் எண்ணும் இன்ஜெக்டர் கோடும் உங்களுடையவை. பெட்டி மாறியது வண்டிக்கே தெரியாது. பழையதைக் கடையில் கொடுக்காதீர்கள் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான்.

குளோனிங்குக்கு இரண்டு பெட்டியின் ஹார்ட்வேர் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வண்டியில் வைத்து எழுதுவதானால் பேட்டரிக்கு நிலையான மின்சாரம் கொடுக்கும் சப்போர்ட் யூனிட் தேவை. சாதாரண சார்ஜர் போட்டு எழுதியோ, நடுவில் மின்சாரம் தளர்ந்தோ போனால் பி0601, பி0602 என்று வந்து நிற்கும், பெட்டி பாதி எழுதிய நிலையில் கிடக்கும்.

ஆர்சி புத்தகமும் உரிமையாளரும் நேரில் இல்லாமல் இந்த வேலையை நான் தொடுவதில்லை. வாங்கும்போதும் கழற்றிய வண்டியின் சேஸிஸ் எண்ணைப் பில்லில் எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் பெட்டி உங்கள் வண்டிக்குள் இருக்கக் கூடாது.

எடுத்துவிட்டது, ஆனால் ஓட்டம் சரியில்லை

ஐடிலில் ஏறி இறங்கினால் முதலில் த்ராட்டில் லேர்னிங் செய்யுங்கள். வந்த பெட்டி பழைய வண்டியின் கரி படிந்த த்ராட்டிலுக்குப் பழகியது. ஸ்கேனரில் அடாப்டேஷனை, அதாவது பெட்டி பழகிவைத்த கணக்கை, ரீசெட் செய்து, இன்ஜின் சூடேறிய பின் ஏசி இல்லாமல் கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டீசலில் “டக் டக்” என்று அடியும் வெண்புகையும் வந்தால் இன்ஜெக்டர் கோடு. காமன் ரெயில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் எண் பொறித்திருக்கும். தொழிற்சாலையில் அந்த இன்ஜெக்டர் எவ்வளவு கூட, எவ்வளவு குறையத் தெளிக்கிறது என்று அளந்து போட்ட கணக்கு அது. துணியில் டீசல் நனைத்துத் துடைத்து, டார்ச் அடித்து, போனில் படம் எடுத்து நான்கையும் சிலிண்டர் வரிசைப்படி பதிவு செய்யுங்கள். ஒன்றையும் மூன்றையும் மாற்றிப் போட்டாலும் அடி நிற்காது.

ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜினுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ, லீனியா எல்லாவற்றிலும் ஓடியது இந்த இன்ஜின்தான். “ஒரே இன்ஜின்தானே, டாடாவோட ஈசிஎம் மாருதிக்குச் சேரும்” என்று சொல்கிறவர்கள் உண்டு. நம்பாதீர்கள். மீட்டரோடும் இம்மொபிலைசரோடும் பேசும் மொழி கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மாருதிக்குள்ளேயே 75 குதிரைத்திறனும் 90 குதிரைத்திறனும் வேறு டர்போ, வேறு கணக்கு.

மேனுவல் வண்டியில் யு0101 கோடு வந்தால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் வண்டியின் ஈசிஎம்மை மாட்டியிருக்கிறீர்கள், அது இல்லாத கியர் பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறது. பி0630 சேஸிஸ் எண் பொருந்தவில்லை என்பது. இரண்டுக்கும் ஸ்கேனரில் கோடிங் வேண்டும், கோளாறு கோடை வெறுமனே அழித்தால் திரும்பத் திரும்ப வரும்.

ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஏர்பேக் விளக்குகள்

ஈசிஎம் அல்லாத மற்றப் பெட்டிகளைப் பழையதாக வாங்குகிறவர்களுக்கும் சில வார்த்தைகள். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் யூனிட்டில் ஹைட்ராலிக் பிளாக்கும் எலக்ட்ரானிக் பகுதியும் சேர்ந்திருக்கும். பல யூனிட்களில் எலக்ட்ரானிக் பகுதியை மட்டும் டார்க்ஸ் ஸ்க்ரூ கழற்றிப் பிரித்து மாற்றலாம், பிரேக் ஆயில் லைனைத் திறக்கவே வேண்டாம். முழு யூனிட்டும் மாற்றினால் ஸ்கேனர் உதவியோடு காற்று எடுக்க வேண்டும், கையால் பெடல் மிதித்து எடுத்தது மட்டும் போதாது.

மின் ஸ்டீயரிங் மாட்யூல் மாற்றிய பின் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பும் விசையை அளக்கும் டார்க் சென்ஸாரின் நடுநிலையைப் பதிய வேண்டும். சக்கரம் நேராக, ஸ்டீயரிங்கில் கை படாமல். முதல் தடவை இன்ஜின் எடுக்கும்போது முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி வையுங்கள். நடுநிலை தவறிய மாட்யூல் ஸ்டீயரிங்கைத் தானே சுழற்றிவிடும், கை உள்ளே இருந்தால் மணிக்கட்டு போகும்.

ஏர்பேக் மாட்யூலைப் பழையதாக வாங்கவே வேண்டாம். மோதிய வண்டியிலிருந்து வந்ததென்றால் அதில் கிராஷ் டேட்டா பதிந்திருக்கும், விளக்கு அணையாது. அழித்துத் தருகிறோம் என்பார்கள். விளக்கு அணையும்தான். மோதலை உணரும் சென்ஸார் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, எவ்வளவு அடிக்கு எத்தனை மில்லி நொடியில் வெடிக்க வேண்டும் என்ற கணக்கு அந்தந்த வண்டியின் பாடிக்கென்று போட்டது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நமக்கு ஒரு வழியும் கிடையாது. வண்டி மோதும் அன்றைக்குத்தான் தெரியும். என் வண்டியில் என் குடும்பம் உட்காருகிறது, நான் போட மாட்டேன், அதனால் உங்களுக்கும் போட்டுத் தர மாட்டேன். மஞ்சள் கப்ளர்களில் மல்டிமீட்டர் ஓம் வைத்துப் பார்க்காதீர்கள், மீட்டரின் சிறு கரண்ட்டே பேக்கை வெடிக்க வைக்கலாம்.

மீட்டர் போர்டு மாற்றினால் அதிலுள்ள கிலோமீட்டர்தான் இனி காட்டும். பழைய ரீடிங்கையும் மாற்றிய தேதியையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வண்டி விற்கும்போது வாங்குகிறவரிடம் காட்டுங்கள்.

ஒரு வாரம் நன்றாக ஓடியது, இப்போது நடுவழியில் நிற்கிறது

சூடானால் நிற்கிறது, ஆறினால் எடுக்கிறது என்றால் வண்டி எடுக்கும் நிலையில் இருக்கும்போது ஹேர் டிரையரால் பெட்டியை மெல்லச் சூடாக்கிப் பாருங்கள். இன்ஜின் ஆறியிருந்தும் பெட்டி சூடேறியதும் நின்றால் உள்ளே சால்டர் விட்டிருக்கிறது. பெட்டி சூடாகியும் நிற்கவில்லை, இன்ஜின் சூடேறினால் மட்டும் நிற்கிறது என்றால் இன்ஜின் சுழற்சியைப் பார்த்துச் சொல்லும் கிராங்க் சென்ஸாரைப் பாருங்கள். பெரும்பாலும் பி0335 வந்திருக்கும்.

மழைக்காலத்தில் மட்டும் வந்தால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பெட்டியோ என்று சந்தேகப்படுங்கள். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் மூழ்கிய வண்டிகள் நிறைய உடைப்புக்குப் போயின. எனக்கும் அப்படி ஒரு பெட்டி வந்தது. வெளியே பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள், பத்து நாள் ஓடி நின்றது. மூடியைத் திறந்தால் போர்டின் கீழ் விளிம்பில் வண்டல் கோடு. கப்ளர் பின்களின் அடியில் பச்சை பூத்து, ஒரு பின் தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தது. வாடிக்கையாளர் இரண்டு நாள் சவாரியை இழந்திருந்தார். பெட்டிக்கான பணத்தை நானே திருப்பிக் கொடுத்தேன், வாங்கிய இடத்தில் எனக்குத் திரும்பி வரவில்லை.

அதன் பிறகு கடையில் நின்றே பார்த்துவிடுகிறேன். கப்ளர் வாய்க்குள் டார்ச் அடித்து, பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு பின்னின் அடியும். மூடி ஸ்க்ரூவில் ஸ்க்ரூடிரைவர் தடம் இருக்கிறதா, சீலன்ட் ஒரே நிறமாக இருக்கிறதா. பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்ப்பேன். சேற்று வாடை எத்தனை முறை துடைத்தாலும் கப்ளர் ரப்பரை விட்டுப் போவதில்லை.